சொன்ன சொல்லும் கண்ட மெய்யும்

சொன்ன சொல் மாறாதவனை நல்லவன் என்றும், சொல்லை மாற்றுபவனை நாக்குப் புரண்டவன் என்றும் கூறுவது நமது மக்களின் வழக்கம். கடன் வாங்கியவனும், பெண் கொடுப்பதாகச் சொன்னவனும், கூலி பேசியவனும் தம் சொல்லில் நிற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதே அளவுகோலைக் கொண்டு எல்லாச் சொற்களையும் அளக்கலாமா? "நாளை உனக்கு நூறு ரூபாய் தருவேன்" என்பது வாக்கு. "இந்தச் சுவர் இடியாது" என்பது கருத்து. வாக்கைக் காப்பது நமது கையில் இருக்கிறது. சுவரோ நமது சொல்லைக் காப்பாற்றுவதற்காக நின்றுகொண்டிராது. சுவரில் விரிசல் விழுந்ததைக் கண்ட பிறகும், "நான் சொன்னது சொன்னதுதான்" என்று ஒருவன் பிடிவாதம் செய்வானாயின், அவனை வாய்மையாளன் என்று போற்றுவதா? அச்சுவருக்குக் கீழே படுத்து உறங்குகிறவர்களின் கதி என்ன?

இக்கேள்வி மிகக் கடுமையாக எழும் இடம் நீதிமன்றம். அங்கே இருவகைச் சாட்சிகள் வருகின்றனர். ஒருவர் கண்டவர்; மற்றவர் கற்றவர். கண்டவர், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னதைப் பார்த்தேன் என்கிறார். கற்றவரோ நடந்ததைப் பார்த்தவரல்லர். காயத்தையோ, கையெழுத்தையோ, தோட்டாவையோ, எரிந்த தரையையோ பின்னர் ஆராய்ந்து, தமது கல்வியின் துணைகொண்டு இன்னது நடந்திருக்கும் என்று கருத்துரைக்கிறார். 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தனது 45 ஆம் பிரிவில் இத்தகைய நிபுணரின் கருத்துக்கு இடமளித்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் தனது 39 ஆம் பிரிவில் அவருக்கு அதே இடத்தை அளித்திருக்கிறது.

கண்டவர் தம் சொல்லை மாற்றினால், அவரை யாரோ மிரட்டினார்கள் அல்லது விலைக்கு வாங்கினார்கள் என்று ஊரார் ஐயுறுவது இயல்பு. கற்றவர் தம் சொல்லை மாற்றினாலும் அதே ஐயத்தைக் கொள்ளலாமா? கண்ட காட்சி ஒரு முறை நிகழ்ந்து முடிந்துபோனது. கல்வியோ நாள்தோறும் வளர்வது. நேற்று அறியாததை இன்று அறிந்தவர், நேற்றுச் சொன்னதை இன்றும் சொல்ல வேண்டுமா? நாம் ஏற்றுக்கொண்ட ஐந்து சீலங்களில் நான்காவது, பொய்யுரையைத் தவிர்ப்பது. கருத்தை மாற்றிக்கொள்ளும் நிபுணர் இச்சீலத்தை மீறுகிறாரா? அல்லது மாற்ற வேண்டிய போது மாற்றாதவர் மீறுகிறாரா? இதை ஆராய்வதற்கு நமக்குச் சொந்தமான காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னர் கூறுவோம்.

முதலில், மாற்றிச் சொன்னவர்களின் வரலாறு ஒன்றைப் பார்ப்போம். 1990 அக்டோபரில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரத்து லைம் தெருவில் ஒரு மரவீடு பற்றி எரிந்தது. ஆறு பேர் மாண்டனர். வீட்டுத் தலைவரும் அவருடைய சிறு மகனும் உயிர் தப்பினர். இறந்தவர்களில் அம்மனிதரின் மனைவியும் ஒருவர். குழந்தை நெருப்போடு விளையாடியதால் சோபா பற்றிக்கொண்டது என்றார் அவர். விசாரித்த அதிகாரிகள் நம்பவில்லை. தரையில் குளம் தேங்கியதுபோன்ற எரிந்த தடங்கள் இருந்தன. தீ மேல்நோக்கி ஏறுமேயன்றித் தரையைத் தேடி வராது. ஆகவே தரை அவ்வாறு எரிய வேண்டுமானால் பெட்ரோல் போன்ற திரவத்தை யாரோ ஊற்றியிருக்க வேண்டும் என்பது அந்நாளில் தீவிபத்து ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த பாடம். அம்மனிதர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அம்மாநிலத்தில் கொலைக்கு மரண தண்டனை உண்டு.

அரசுத் தரப்பு ஜான் லென்டினி, ஜான் டிஹான் என்னும் இரு நிபுணர்களை அமர்த்தியது. அவர்களும் முதலில் இது திட்டமிட்ட தீவைப்பே என்று கருதியவர்கள். அருகிலேயே ஏறக்குறைய அதே அமைப்புள்ள வீடு ஒன்று இடிக்கப்படுவதற்காகக் காலியாக இருந்தது. அதே போன்ற கம்பளம், திரைச்சீலை, சோபா ஆகியவற்றை அதில் அமைத்து, பெட்ரோல் ஒரு சொட்டும் ஊற்றாமல் சோபாவுக்கு மட்டும் நெருப்பு வைத்துப் பார்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் கூற்று பொய் என்பது இதனால் மெய்ப்பிக்கப்படும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள்.

நடந்ததோ வேறு. அறையின் கூரையடியில் சூடான புகை திரண்டது. அதன் வெப்பம் கீழே இறங்கியது. ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. அறையிலிருந்த அனைத்தும், தரைக் கம்பளம் உட்பட, ஒரே கணத்தில் பற்றிக்கொண்டன. இந்நிலையைப் பிளாஷ் ஓவர் என்று அத்துறையினர் அழைக்கின்றனர். தீ அணைந்தபின் பார்த்தால், திரவம் ஊற்றப்பட்டதற்கு அடையாளம் என்று எவற்றைச் சொன்னார்களோ அதே தடங்கள் அங்கும் இருந்தன. ஊற்றப்படாத பெட்ரோல் தடம் விட்டிருந்தது! நிபுணர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். தங்களை அமர்த்திய அரசுத் தரப்பிடமே அதைச் சொன்னார்கள். வழக்கு கைவிடப்பட்டது. ஒரு மனிதனைத் தாம் மரணத்தை நோக்கி அனுப்பியிருக்கக்கூடும் என்பதை உணர்ந்த லென்டினி, அதன்பின் தமது துறையின் பழைய நம்பிக்கைகளைத் திருத்துவதிலேயே பல ஆண்டுகள் உழைத்தார்.

இவர்கள் செய்ததை எண்ணிப் பாருங்கள். தமது கருத்து தவறாகவும் இருக்கலாம் என்று ஐயுற்று ஒரு வீட்டையே எரித்துப் பார்த்தவர்கள் இவர்கள். சொன்ன சொல்லைக் காப்பதே வாய்மை என்று நினைத்திருந்தால், அந்தச் சோதனையே நடந்திராது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1991 டிசம்பர் 23 ஆம் நாள், டெக்ஸாஸ் மாநிலத்துக் கார்சிகானா நகரில் ஒரு வீடு எரிந்தது. மூன்று பெண் குழந்தைகள் மாண்டனர். அவர்களுடைய தந்தையான கேமரன் டாட் வில்லிங்ஹாம்மீது தீவைப்புக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 1992 இல் நடந்த விசாரணையில் தீவிபத்து ஆய்வாளர் இருவர் சாட்சி சொன்னார்கள். அங்கேயும் தரைத் தடங்கள். அங்கேயும் அதே பாடம். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதே 1992 இல்தான், அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தனது 921 ஆம் எண் வழிகாட்டியை முதன்முறையாக வெளியிட்டது. பழைய பாடங்கள் பலவற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்ற உண்மை அத்துறையில் மெல்ல மெல்லப் பரவியது. ஆயினும் கார்சிகானாவில் பதிவான சாட்சியம் பதிவில் அப்படியே இருந்தது. 2004 பிப்ரவரியில் ஜெரால்டு ஹர்ஸ்ட் என்னும் வேதியியல் அறிஞர் அச்சாட்சியத்தை ஆராய்ந்து, தீவைப்பு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதிய அறிக்கை அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டது. தண்டனை நிற்கவில்லை. பிப்ரவரி 17 ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார்.

அவர் குற்றமற்றவர் என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே நாமும் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. சாட்சி சொன்ன ஆய்வாளர்களில் முதன்மையானவர் 1994 இலேயே இறந்துவிட்டார். உயிரோடிருந்தால் மாறியிருப்பாரா என்று அவரைக் கேட்கவும் இயலாது. நாம் குறிப்பது ஒன்றே. சொன்னவர் இறந்த பின்னும் சொல் உயிரோடிருந்தது. அச்சொல்லுக்கு ஆதாரமாயிருந்த பாடம் பொய்த்த பின்னும் அது உயிரோடிருந்தது. பத்தாண்டு கழித்தும் ஒரு மனிதனைக் கொல்லும் வலிமை அதற்கு இருந்தது.

நீதிமன்றங்கள் இதற்கு என்ன செய்தன என்று கேட்கலாம். அதே டெக்ஸாஸ் மாநிலத்தில் ராபின்ஸ் என்பவரின் வழக்கு ஒன்று நடந்தது. 1998 இல் ஒரு பெண் குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், மூச்சை அடைத்துக் கொல்லப்பட்டது என்று 1999 இல் சாட்சி சொன்னார். ராபின்ஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2007 இல் அதே மருத்துவர், அனுபவம் முதிர்ந்த கண்ணோடு தாம் மீண்டும் பார்த்ததாகவும், மரணத்தின் காரணம் தீர்மானிக்க இயலாதது என்பதே இப்போது தமது கருத்து என்றும் தெரிவித்தார். 2011 இல் அம்மாநிலத்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் புது விசாரணை மறுத்தது. சாட்சி தம் கருத்தைத் திரும்பப் பெற்றார் என்பதனாலேயே முன்னர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது என்பது அத்தீர்ப்பின் போக்கு. தர்க்கத்தில் இதைக் குறை சொல்வது எளிதன்று. ஆனால் தூண் விலகிய பின்னும் கூரை அந்தரத்தில் நிற்கலாம் என்பது போன்ற தர்க்கம் அது. 2013 இல் அம்மாநிலச் சட்டமன்றம், தண்டனைக்கு ஆதாரமான அறிவியல் மாறியிருந்தால் வழக்கை மீண்டும் பார்க்கலாம் என்று சட்டம் இயற்றியது. அதன்படி 2014 இல் ராபின்ஸுக்குப் புது விசாரணை வழங்கப்பட்டது. 2015 இல், சாட்சி சொன்ன நிபுணரின் சொந்த அறிவில் நேர்ந்த மாற்றமும் இதில் அடங்கும் என்று சட்டத்தில் தெளிவாக எழுதினார்கள்.

ஆகவே கருத்தை மாற்றுவது எப்போதும் நன்று என்று முடித்துவிடலாமா? முடியாது. மாற்றங்கள் எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. இங்கிலாந்தில் ஜோன்ஸ் எதிர் கேனி என்னும் வழக்கு ஒன்று உண்டு. 2001 இல் சாலை விபத்தில் அடிபட்ட ஒருவர் நட்டஈடு கேட்டார். விபத்தின் அதிர்ச்சி அவருடைய மனத்தை நோயுறச் செய்திருக்கிறது என்று அவர் தரப்பு உளவியல் நிபுணர் முதலில் கருத்தளித்தார். எதிர்த்தரப்பு மருத்துவர் அதை மறுத்தார். இருவரும் தொலைபேசியில் கலந்து பேசி ஒரு கூட்டறிக்கை அளிக்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பார் எழுதிய வரைவில் முதல் நிபுணர் கையொப்பமிட்டார். அந்நோய் இல்லை என்றும், அடிபட்டவர் நம்பத்தக்கவராக இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. பின்னர் வினவியபோது, அவ்வறிக்கை தம் உண்மைக் கருத்தைக் காட்டவில்லை என்றும், ஓரளவு நெருக்கடியை உணர்ந்து கையொப்பமிட்டதாகவும் அந்நிபுணர் சொன்னதாக வழக்கின் பதிவு கூறுகிறது. அடிபட்டவர் தமக்குக் கிடைக்க வேண்டியதைவிட மிகக் குறைந்த தொகைக்கு உடன்பட நேர்ந்தது என்பது முறையீடு. 2011 மார்ச் 30 ஆம் நாள் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், தம்மை அமர்த்தியவரே கவனக்குறைவுக்காக வழக்குத் தொடுக்க முடியாதபடி நிபுணர் சாட்சிகளுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த பாதுகாப்பை நீக்கியது.

ஜாக்சன்வில் நிபுணர்களும் கருத்தை மாற்றினார்கள். இந்த நிபுணரும் மாற்றினார். அவர்களுடைய சொல்லை மாற்றியது எரிந்த தரை. இவருடைய சொல்லை மாற்றியது, அவரே சொன்னபடி, நெருக்கடி. புதிதாகக் கண்ட ஒன்று அங்கே இருந்தது. இங்கே அதைக் காணோம்.

நமது நாட்டிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. 1999 ஏப்ரல் இறுதியில் டில்லியில் ஜெசிகா லால் என்னும் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு தோட்டாக் கூடுகள் கிடைத்தன, துப்பாக்கி கிடைக்கவில்லை. ஆராய்ந்த அரசு ஆய்வக நிபுணர், துப்பாக்கி இல்லாமல் இவ்விரண்டும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்று திட்டமாகக் கூற இயலாது என்று எழுத்தில் தெரிவித்தார். பின்னர் சாட்சிக் கூண்டில் வினவப்பட்டபோது, இரு வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்தவையாகத் தோன்றுகின்றன என்றார். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2010 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிபுணர்மீது பொய்ச்சாட்சிக்காக நடவடிக்கை எடுக்க உயர் நீதிமன்றம் 2013 இல் ஆணையிட்டது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. நிபுணர் கூறுவது கருத்து; அது ஏற்கப்படாமற்போனது என்பதனாலேயே அவர் பொய்ச்சாட்சி சொன்னவர் ஆகிவிடார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு சரியானது என்பதே நமது எண்ணம். கருத்தை மாற்றியவரையெல்லாம் சிறைக்கு அனுப்பத் தொடங்கினால், எந்த நிபுணரும் தமது பிழையை ஒப்புக்கொள்ள முன்வரமாட்டார். பயந்தவர்கள் முதலில் சொன்ன சொல்லையே கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். கார்சிகானாக்கள் பெருகும். ஆனால் சட்டம் நிற்கும் இடத்தில் அறமும் நின்றுவிடுவதில்லை. ஒருவர் ஏன் மாறினார் என்பது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. நீதிபதியின் கண்ணுக்கும் தெரியாது. மாறியவர் ஒருவருக்கே அது தெரியும்.

அங்கேதான் பகவன் புத்தர் சிகாலன் என்னும் இளைஞனுக்குச் சொன்ன அறவுரை நமக்கு உதவுகிறது. மனிதனை நெறி தவறச் செய்பவை நான்கு என்றார் அவர்: ஆசை, பகை, அச்சம், மயக்கம். இந்நான்கையும் உரைகல்லாகக் கொள்வோம். கூலி கொடுப்பவர் மகிழட்டும் என்று மாறினால் அது ஆசை. எதிர்த்தரப்பாரை வீழ்த்த வேண்டும் என்று மாறினால் அது பகை. குறுக்கு விசாரணைக்கோ மேலதிகாரிக்கோ நடுங்கி மாறினால் அது அச்சம். ஆராயாமல், பெரியவர் ஒருவர் சொன்னார் என்று மாறினால் அது மயக்கம். இந்த நான்கில் எதுவுமின்றி, புதிதாகக் கண்ட ஒன்று மாற்றுமாயின், அம்மாற்றம் வாய்மையேயாகும்.

ஆனால் அன்பர்களே, இந்த உரைகல்லின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். மாறாமல் இருப்பவரையும் இதே கல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். பெயர் கெடும் என்று மாறாதிருப்பது ஆசை. எதிரி வென்றுவிடுவான் என்று மாறாதிருப்பது பகை. தண்டனைக்கு அஞ்சி மாறாதிருப்பது அச்சம். நான் கற்றது தவறாக இருக்க முடியாது என்று மாறாதிருப்பது மயக்கம். உலகம் மாறுபவரையே ஐயுறுகிறது. மாறாதவரை உறுதியுடையவர் என்று புகழ்கிறது. இருவரையும் ஒரே கல்லில் உரைக்காதவரை நமது நீதி ஒற்றைக் கண் நீதியாகவே இருக்கும்.

ஓர் ஆட்சேபம் எழலாம். நிபுணர்கள் விருப்பம்போல் மாறலாம் என்றால் வழக்குக்கு முடிவு ஏது? பணமுள்ளவர் மாற்றத்தையும் விலைக்கு வாங்கமாட்டாரா? ஆட்சேபம் நியாயமானதே. இதற்கு 1993 இல் கிரெஸ்வெல் என்னும் இங்கிலாந்து நீதிபதி நல்ல விடை சொன்னார். இகாரியன் ரீஃபர் என்னும் கப்பல் 1985 இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் கரையருகே தரைதட்டித் தீப்பிடித்தது தொடர்பான காப்பீட்டு வழக்கு அது. நிபுணரின் கடமைகளை அவர் அதில் வகுத்துரைத்தார். அறிக்கைகளைப் பரிமாறிக்கொண்ட பின்னர் முக்கியமான ஒன்றில் நிபுணரின் கருத்து மாறினால், அதைத் தாமதமின்றி எதிர்த்தரப்புக்கும், தேவையானபோது நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். மாறாதே என்று அவர் சொல்லவில்லை. மறைவில் மாறாதே, காலந்தாழ்த்தாதே, மாறியதால் எவருக்கு நன்மையோ அவரிடமிருந்து ஒளிக்காதே என்றார். இவற்றோடு நாம் ஒன்றைச் சேர்ப்போம்: மாறியதற்குக் காரணத்தைச் சொல். காரணம் வெளிப்படையாக இருந்தால் பிறர் அதைச் சோதிக்கலாம். விலைக்கு வாங்கப்பட்ட மாற்றம் சோதனைக்கு முன் நிற்காது.

பகவன் தம் மகன் இராகுலனுக்குப் பொய்யைப் பற்றி அறிவுறுத்தியபோது கண்ணாடியை உவமையாகச் சொன்னார். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செயலையும், சொல்லையும், எண்ணத்தையும் செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்து முடித்த பின்னும் பார் என்றார். முதல் இரண்டையும் நாம் ஓரளவு கடைப்பிடிக்கிறோம். சாட்சி சொல்லப் போகுமுன் எண்ணுகிறோம். சொல்லும்போது கவனமாக இருக்கிறோம். கூண்டை விட்டு இறங்கியதும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். சொன்ன சொல் அதன் பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது என்பதை மறந்துபோகிறோம்.

இப்போது நமது சொந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இருபதாண்டுகளுக்கு முன் நாம் ஒரு நூற்பாலையில், பஞ்சுப் பொதிகளைப் பிரித்துத் தூய்மை செய்யும் புளோ ரூம் பகுதியில் வேலை செய்து வந்தோம். பதினைந்தாண்டு அனுபவம். ஓர் இரவு அங்கே தீப்பிடித்தது. சில பொதிகள் எரிந்தன, யாருக்கும் காயமில்லை. அந்த ஷிப்டில் இருந்த தொழிலாளி ஒருவருக்குப் பீடிப் பழக்கம் இருந்தது. அவர்மீது உள்விசாரணை வைத்தார்கள். அனுபவம் மிக்கவர் என்று நம்மை அழைத்து, "இயந்திரத்தில் தானாகத் தீ உண்டாக வழியுண்டா?" என்று கேட்டார்கள். "இல்லை. இரும்பு ஏதும் உள்ளே போகாமல் காந்தம் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து நெருப்பு வந்தால்தான் உண்டு" என்றோம். அன்று நாம் பொய் சொல்லவில்லை. அவ்வாறே நம்பினோம்.

பத்து நாட்கள் கழிந்தன. விசாரணை இன்னும் முடியவில்லை. இயந்திரத்தைத் திறந்து சுத்தம் செய்தபோது, பீட்டருக்கு அடியில் முறுக்கிக்கொண்ட ஓர் இரும்புத் துண்டு கிடந்தது. பொதிகளைக் கட்டி வரும் பட்டையின் துண்டு அது. ஒரு முனை சூடேறி நீலம் பாய்ந்திருந்தது. பீட்டரின் முள்ளில் புதிதாக அடிபட்ட தழும்பு இருந்தது. காந்தத்தைத் தாண்டி இரும்பு உள்ளே போயிருக்கிறது; சுழலும் முள்ளில் மோதிப் பொறி பறந்திருக்கிறது; பஞ்சு பற்றியிருக்கிறது. பார்த்த கணத்திலேயே புரிந்தது. அருகில் யாருமில்லை. அத்துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். அன்று மாலை பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிட்டோம்.

ஏன் எறிந்தோம்? மேஸ்திரி வேலை நமக்கு வருவதாகப் பேச்சு இருந்தது, அது ஆசை. அத்தொழிலாளிக்கும் நமக்கும் முன்னர் ஒரு வாய்ச்சண்டை நடந்திருந்தது, அது பகை. மேலாளரின் முன் போய், "நான் சொன்னது தவறு" என்று நிற்க அஞ்சினோம், அது அச்சம். "பீடியாகவும் இருக்கலாமே, யார் கண்டது?" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம், அது மயக்கம். நான்கும் ஒரே மாலையில் ஒரே சட்டைப் பையில் இருந்தன. விசாரணையின் முடிவில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். முதல் நாள் சொன்னது பிழை. பத்தாம் நாள் முதல், வாயைத் திறக்காமலே, நாள்தோறும் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தம்மத்தை ஏற்று, பிறருக்கு அதை எடுத்துரைக்கத் தொடங்கிய பின்னர், நான்காம் சீலத்தைச் சொல்லும் போதெல்லாம் அந்த இரும்புத் துண்டு நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகள் தயங்கி, ஒருநாள் அவருடைய வீட்டைத் தேடிப் போனோம். அவர் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டிருந்தார். அவருடைய துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அண்ணா, இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? கடைசிவரைக்கும் தாமே எங்கேயோ பீடியைப் போட்டுவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டிருந்தாரே" என்றார். அம்மனிதரின் வேலையை மட்டும் அல்ல, தம்மைப் பற்றி அவருக்கே இருந்த நம்பிக்கையையும் நமது சொல் பறித்திருந்தது. இதற்கு ஈடு செய்ய நம்மிடம் ஒன்றுமில்லை. இதை எழுதுவது ஈடாகாது என்பதும் நமக்குத் தெரியும்.

அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் நிபுணராக நீதிமன்றம் ஏறப்போவதில்லை. ஆனால் பஞ்சாயத்திலும், தொழிற்சங்கத்திலும், சபையிலும், வீட்டுத் திண்ணையிலும் நம்மைத் தெரிந்தவர் என்று மதித்து நமது கருத்தைக் கேட்கிறார்கள். அதை வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். ஒரு பெண்ணைப் பழிக்கிறார்கள். ஒரு குடும்பத்தை ஒதுக்குகிறார்கள். பிழை தெரிந்த அன்றே, கருத்துக் கேட்டவர்களிடமே திரும்பச் சென்று, காரணத்தோடு மாற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் துணிவு ஒருவருக்கு வர வேண்டுமானால், கேட்பவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நாளை ஒருவர் நமது சபையில் எழுந்து, "சென்ற வாரம் நான் சொன்னது தவறு, இன்று இதைக் கண்டேன்" என்பாராயின், அவரை நாக்குப் புரண்டவன் என்று நகைக்காதீர்கள். என்ன கண்டீர் என்று கேளுங்கள். கண்டதைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று அந்த ஆலையில் அப்படிக் கேட்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று நம்பியிருந்தால், அந்த இரும்புத் துண்டு குவியலுக்குப் போயிராது என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசைதான். ஆனால் அப்படிச் சொன்னால் பழியைப் பிறர்மீது போட்டதாகும். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டியது நமது கடமை.